கார்ப்பரேட்டர் மீது பழி போடாதீர்கள்!

காலையில் ஆபீசுக்குப் புறப்படும் நேரம். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறது. அக்கம்பக்கத்தில் நாலு பேர் கூடுகிறார்கள். நாலு பேரும் சொல்வது ஒரே தீர்ப்புதான்: "கார்ப்பரேட்டர் அடைச்சிருக்கும் சார்!"

விசாரணை இல்லை. சாட்சி இல்லை. தீர்ப்பு மட்டும் உடனே வந்துவிடுகிறது. தண்டனையும் அன்றே நிறைவேறுகிறது. பழைய கார்ப்பரேட்டரைக் கழற்றி வீசுகிறார்கள். புதுசு ஒன்றை மாட்டுகிறார்கள். நாலு நாள் வண்டி ஓடுகிறது. ஐந்தாம் நாள் பழைய கதைதான்!

புல்லட், ஜாவா, எஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ்.100 என்று பழைய மோட்டார் சைக்கிள்களைத் தூசி தட்டி ஓட்டும் ஆசை ஊரெங்கும் பரவியிருக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி, தாத்தா வைத்திருந்த வண்டி என்று மாட்டுக் கொட்டகையில் கிடந்ததை எல்லாம் வெளியே இழுக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஆசையில் முதலில் பலியாவது கார்ப்பரேட்டர். அதோடு போவது பணம் மட்டும் அல்ல. ஒரு தொழிலே போய்க் கொண்டிருக்கிறது.

சென்னை வண்டி

இந்தத் தொழிலுக்கும் சென்னைக்கும் உறவு பெரிது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்சும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் கைகோத்து என்பீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூச்சை விட்டது. திருவொற்றியூரில் புல்லட் சத்தம் நிற்கவில்லை!

ஜாவாவும் எஸ்டியும் மைசூர்ச் சரக்கு. 1996-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. 1985-ல் வந்த ஆர்.எக்ஸ்.100 உற்பத்தியும் 1996-ல்தான் நின்றது. இவை அத்தனையும் கார்ப்பரேட்டர் வண்டிகள்.

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி அமலுக்கு வந்தது. அன்று முதல் புது வண்டிகளில் பெரும்பாலானவை பியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அதற்கு முன்பு வாங்கிய சாதாரண ஆபீஸ் வண்டி, பால்காரர் வண்டி, காய்கறிக் கடை மொபெட் எல்லாவற்றிலும் பெரும்பாலும் கார்ப்பரேட்டர்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இது பழைய வண்டிப் பிரியர்களின் பொழுதுபோக்குச் சமாச்சாரம் மட்டும் அல்ல. மாதச் சம்பளக்காரரின் பெட்ரோல் செலவுச் சமாச்சாரமும்கூட.

உள்ளே என்ன நடக்கிறது?

கார்ப்பரேட்டரில் மந்திரம் ஒன்றும் இல்லை. என்ஜின் மூச்சை இழுக்கிறது. காற்று ஒரு குறுகலான தொண்டை வழியாகப் பாய்கிறது. குறுகிய இடத்தில் காற்றுக்கு வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த இழுப்பில் கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மேலே ஏறி, தூறலாகக் காற்றோடு கலந்து உள்ளே போகிறது. அவ்வளவுதான்!

ஆனால் கலக்கிற கணக்குதான் முக்கியம். 1 பங்கு பெட்ரோலுக்கு எடைக்கு எடை 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது சுத்தமான பெட்ரோலுக்கான கணக்கு. பெட்ரோல் கூடினால் புகை, கரி, செலவு. பெட்ரோல் குறைந்தால் சூடு, இருமல், கடைசியில் பிஸ்டன் சிக்கிக் கொள்ளும். ஸ்டார்ட் செய்யும்போது ஒரு கணக்கு, சிக்னலில் நிற்கும்போது ஒரு கணக்கு, மேம்பாலம் ஏறும்போது வேறு கணக்கு. இத்தனையையும் ஒரு மிதவை, ஒரு ஊசி, இரண்டு மூன்று ஜெட், ஒரு ஸ்லைடு பார்த்துக் கொள்கின்றன. பாட்டரி வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம்!

ஆக்சிலேட்டரைத் திருகாமல் விட்டிருக்கும்போது வேலை செய்வது பைலட் ஜெட். கொஞ்சம் திருகினால் ஸ்லைடின் அடியில் உள்ள வெட்டு கணக்குப் பார்க்கும். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஊசியின் ராஜ்யம். முக்கால் பங்குக்கு மேல் முழுசாகத் திருகினால்தான் மெயின் ஜெட்டுக்கு வேலை. சென்னை நெரிசலில் மெயின் ஜெட்டைத் தொடும் அளவுக்கு யார் ஓட்டுகிறார்கள்? ஆனால் மைலேஜ் குறைந்தால் முதலில் மாற்றுவது மெயின் ஜெட்டைத்தான். தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுகிற கதை!

முதல் குற்றவாளி வேறு

அனுபவப்பட்ட மெக்கானிக் கார்ப்பரேட்டரைத் தொடுவதற்கு முன்பு மற்றதை எல்லாம் பார்ப்பார். டேப்பட் சரியா? காண்டாக்ட் பாயின்ட் தேய்ந்திருக்கிறதா? டைமிங் சரியா? பிளக்கில் நெருப்புப் பொறி நீலமாக வருகிறதா? ஏர் பில்டர் அடைத்திருக்கிறதா? கேபிள் இறுகியிருக்கிறதா? இவற்றில் ஒன்று கோளாறு என்றாலும் வண்டி கார்ப்பரேட்டர் கெட்ட மாதிரியே நடிக்கும். அதுவரை கார்ப்பரேட்டரில் எந்த ஸ்குரூவைத் திருகினாலும் பிரயோசனம் இல்லை.

அடுத்த சந்தேகம் பெட்ரோல் டாங்க் மீது வரவேண்டும். வருஷக் கணக்கில் நின்ற வண்டியின் டாங்க் உள்ளே துருப் பிடித்திருக்கும். அந்தத் துரு பொடிப்பொடியாகக் கீழே இறங்கும். கார்ப்பரேட்டரைப் பத்துத் தடவை கழுவினாலும் பதினோராவது தடவை அடைக்கும். மேலே சாக்கடை ஓட, கீழே குழாயைக் கழுவி என்ன லாபம்? டாங்கைச் சுத்தம் செய்து, டேப்பில் உள்ள வலையை மாற்றிவிட்டுத்தான் கார்ப்பரேட்டருக்கு வரவேண்டும்.

மூன்றாவது குற்றவாளி திருட்டுக் காற்று. கார்ப்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் வெடித்திருக்கும். அல்லது கார்ப்பரேட்டரின் முகப்பு வளைந்திருக்கும். நட்டை வெறி கொண்டு இறுக்குகிறவர்கள் செய்யும் உபகாரம் இது! அந்த இடுக்கு வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே புகும். ஐடிலிங் ஏறும், இறங்கும், ஒரு நிலையில் நிற்காது. சமதளமான கண்ணாடித் துண்டின் மேல் முகப்பை வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். அதே கண்ணாடி மேல் நைசான எமரித் தாளை விரித்து, முகப்பைப் பதமாகத் தேய்த்தால் வளைவு போய்விடும். செலவு ஒரு தாள்தான். இதற்குப் போய்ப் புதுக் கார்ப்பரேட்டர் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்!

கம்பி விடாதே!

சரி, கார்ப்பரேட்டரைக் கழற்றியே ஆகவேண்டும் என்று வைத்துக் கொள்வோம். அப்போதுதான் பெரிய கொடுமை நடக்கிறது. ஜெட்டின் ஓட்டை அடைத்திருந்தால், கையில் கிடைத்த இரும்புக் கம்பியை விட்டுக் குத்துகிறார்கள். ஜெட் பித்தளை. அதன் ஓட்டை ஒரு மில்லிமீட்டரை எட்டாத மெல்லிய ஓட்டை. கம்பி ஒரு கீறல் போட்டாலும் அளவு மாறிவிடும். அப்புறம் அந்த ஜெட்டின் மேல் அடித்திருக்கும் நம்பருக்கு அர்த்தமே இல்லை.

சரியான வழி சுலபமானது. கிளீனரில் ஊறவைத்து, காற்றுப் பம்பு கொண்டு ஊதவேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவேண்டும். வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் சுத்தம். பாதி வட்டம் தெரிந்தால் மறுபடியும் ஊறவைக்க வேண்டும். ஜெட் சுத்தமானால் போதாது. கார்ப்பரேட்டர் உடம்புக்குள் ஓடும் சின்னச் சின்ன வழிகளையும் ஊதிப் பார்க்கவேண்டும். பைலட் ஜெட்டுக்குப் போகும் வழி அடைத்திருந்தால், வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் கையை எடுத்தால் அணைந்துவிடும்.

மிதவையையும் சும்மா விடக்கூடாது. பழைய வண்டிகளில் அது பித்தளைக் குடுவை. அதில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் பெட்ரோல் உள்ளே புகுந்து மிதவை கனத்துவிடும். மிதக்கவேண்டியது மூழ்கும். பெட்ரோல் நிரம்பி வழியும். காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே சலசலக்கும். வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை உள்ள இடத்தில் முட்டை முட்டையாகக் காற்று வரும். ஈயம் வைத்து அடைத்துவிடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை! உள்ளே ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கும்போது சூட்டுக்கோலை வைத்தால் மிதவை வெடிக்கும். முழுக்க வடித்து, ஆறப் போட்டு, காய்ந்த பிறகே கை வைக்கவேண்டும்.

தேய்ந்தவன் யார்?

அதிகம் பேர் கவனிக்காத ஒரு ஆசாமி உண்டு. நீடில் ஜெட்! ஊசி அதற்குள் மேலும் கீழும் லட்சக்கணக்கான தடவை உரசுகிறது. வருஷங்கள் போகப் போக வட்ட ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். ஊசியின் பக்கவாட்டில் பளபளப்பாகத் தேய்மானம் தெரியும். இதன் விளைவு? கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரை, அதாவது ஊருக்குள் ஓடும் வேகத்தில், பெட்ரோல் கூடுதலாகப் போகும். "முன்னே லிட்டருக்கு நாற்பது குடுத்துச்சு, இப்போ முப்பதுகூட வரலை" என்று புலம்புகிற பழைய வண்டிக்காரர்களில் பலருக்கு நோய் இங்கேதான் இருக்கிறது. ஊசியையும் நீடில் ஜெட்டையும் ஜோடியாக மாற்றினால் தீர்ந்தது. முழுக் கார்ப்பரேட்டரை மாற்றத் தேவையே இல்லை.

ஸ்லைடும் அப்படித்தான். அது தேய்ந்தால் லொடலொடவென்று ஆடும். பக்கவாட்டில் காற்று கசியும். ஸ்லைடு மட்டும் தேய்ந்திருந்தால் ஸ்லைடை மாற்றலாம். கார்ப்பரேட்டரின் உடம்பே தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போடும் கில்லாடிகள் இன்றும் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

டூப்ளிகேட் மாயம்

புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று கார்ப்பரேட்டர்கள் அடுக்கியிருக்கும். பார்க்க அசல் மாதிரியே இருக்கும். பேர்கூட அதே பேர், ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். விலையும் குறைவு. எந்தக் கைக்குத்தான் அரிக்காது?

ஆனால் பளபளப்பில் இல்லை சூட்சுமம். ஜெட்டின் ஓட்டை நம்பருக்குத் தகுந்தபடி இருக்கிறதா, ஸ்லைடு இறுக்கமாகவும் வழுக்கலாகவும் உட்காருகிறதா, உள்ளே உலோகப் பிசிறு இல்லாமல் துளை போட்டிருக்கிறார்களா? அங்கேதான் அசலும் நகலும் பிரியும். முப்பது, நாற்பது வருஷம் ஓடிய அசல் கார்ப்பரேட்டரை ரிப்பேர் கிட் போட்டுச் சரி செய்தால், இன்று வாங்கிய நகலைவிட நன்றாக ஓடும் என்பதைப் பல மெக்கானிக்குகள் அனுபவத்தில் பார்த்திருக்கிறார்கள். கழற்றிய அசலைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு நகலை மாட்டுவது, தங்கத்தைக் கொடுத்துக் கவரிங் வாங்குவதற்குச் சமம்.

50 வயதைத் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி போட்டது. அந்தப் பதிவுக்கு வண்டி அசல் உருவம் குலையாமல் இருக்கவேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அவ்வளவு கட்டிப் பெருமையாக நம்பர் வாங்குகிற வண்டியில், நேற்று வாங்கிய நகல் கார்ப்பரேட்டர் தொங்கினால் பார்க்க நன்றாகவா இருக்கும்?

காது சொல்லும் கணக்கு

கழுவி மாட்டியாயிற்று. இனிதான் ட்யூனிங். இங்கேதான் அவசரக்காரர்கள் கெட்டுப் போகிறார்கள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேகூடக் கை நுழையாது என்பார்கள். ஏர் ஸ்குரூவுக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்தும்.

குளிர்ந்த என்ஜினில் ட்யூனிங் செய்யக்கூடாது. பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கவேண்டும். ஏர் ஸ்குரூவை மெதுவாக உள்ளே கடைசி வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்கவேண்டும். இது தொடக்கம்தான், முடிவு அல்ல. பிறகு கால் சுற்று, அரைக்கால் சுற்றாக இப்படியும் அப்படியும் திருகி, என்ஜின் எந்த இடத்தில் வேகமாகவும் சீராகவும் ஓடுகிறது என்று காதால் கேட்கவேண்டும். அங்கே நிறுத்தி, ஐடிலிங் ஸ்குரூவைக் குறைக்கவேண்டும். மறுபடி ஏர் ஸ்குரூ. மறுபடி ஐடிலிங். புல்லட் என்றால் "டுக்... டுக்... டுக்..." என்று நிதானமாக எண்ணுகிற மாதிரி நிற்கும்.

ஒரு சூட்சுமம்: ஸ்குரூ ஏர் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்தும். உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்தும். உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். இது தெரியாமல் தலைகீழாகத் திருகிவிட்டு வண்டியைத் திட்டுகிறவர்கள் ஏராளம்.

அடுத்து ஊசி. அதன் தலையில் சின்னப் பள்ளங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றில் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும். ஒரு தடவைக்கு ஒரு பள்ளம்தான். ஒரே நேரத்தில் ஊசியையும் ஜெட்டையும் ஸ்குரூவையும் மாற்றுகிறவருக்கு, எது நல்லது செய்தது, எது கெட்டது செய்தது என்று கடைசி வரை தெரியாது.

தீர்ப்புச் சொல்ல பிளக் இருக்கிறது. ஓடுகிற வேகத்திலேயே கிளச்சைப் பிடித்து என்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். காப்பி நிறம் என்றால் சபாஷ்! கரிக்கட்டை மாதிரி என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளை வெளேர் என்றால் ஆபத்து, பெட்ரோல் போதவில்லை. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல் வந்த பிறகு, பழைய நாட்களைப் போல் நிறம் பளிச்சென்று பிடிப்பதில்லை. ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் காதையும் கையையும் சேர்த்து நம்பவேண்டும்.

சென்னையில் ட்யூன் செய்த வண்டியை ஊட்டிக்கு ஓட்டிப் போனால் மூச்சு வாங்குவதும் இதனால்தான். அங்கே உயரம் 2,200 மீட்டருக்கும் மேல். காற்று மெலிசு. பெட்ரோல் மட்டும் பழைய அளவே போகிறது. புது வண்டியில் கம்ப்யூட்டர் தானே திருத்திக் கொள்ளும். பழைய வண்டியில் மனுஷன்தான் திருத்தவேண்டும். கோளாறு கார்ப்பரேட்டரில் இல்லை, மலையில் இருக்கிறது!

பெட்ரோலில் புதுச் சிக்கல்

இத்தனையும் போதாதென்று இப்போது பெட்ரோலே மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. 2025-க்குள் நாடு முழுவதும் அதுவே வழக்கமாகிவிட்டது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும், கரும்பு, சோள விவசாயிக்கு வருமானம் வரும் என்பது அரசு தரப்பு நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால் பழைய கார்ப்பரேட்டருக்கு இந்த நியாயம் புரியாது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிடச் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அது எரியக் காற்றும் குறைவாகவே வேண்டும். பழைய ஜெட் பழைய கணக்கிலேயே விடுவதால் கலவை மெலிந்துவிடுகிறது. என்ஜின் சூடேறுகிறது. பழைய ரப்பர் ஊதிப் போகிறது, இல்லாவிட்டால் வெடித்துப் போகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் கிண்ணத்தில் தண்ணீர் தங்கி, வெள்ளை வெள்ளையாக அரிப்புப் பூக்கிறது.

எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காகச் செய்த வண்டியை 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்து, அதில் 20 சதவீதக் கலவையை ஊற்றினால், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே மதிப்பிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் வாங்கும் உரிமை வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டில் போட்ட பொதுநல வழக்கு 2025 செப்டம்பர் 1-ல் தள்ளுபடியானது. கோர்ட்டுத் தீர்ப்புக்கு மேல் பேச்சில்லை. ஆனால் வாங்குகிற பெட்ரோலில் என்ன கலந்திருக்கிறது என்று பங்கில் கண்ணில் படும்படி எழுதி வைப்பதற்குக் கோர்ட்டு வேண்டுமா என்ன?

அதுவரை வண்டிக்காரர்தான் உஷாராக இருக்கவேண்டும். ரப்பர் சாமான்களை எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றவேண்டும். பிளக் வெளுத்தால் ஒரு நம்பர் பெரிய ஜெட் போட்டுப் பார்க்கவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்துவிடவேண்டும். இந்த மூன்றையும் செய்தாலே பாதிக் கோளாறு கிட்டே வராது.

கைக்குக் கூலி எங்கே?

இனி உண்மையான வியாதிக்கு வருவோம். அது கார்ப்பரேட்டரில் இல்லை, மனசில் இருக்கிறது!

ஒரு மெக்கானிக் ஷெட்டில் தினமும் நடக்கும் பேச்சு இது:

"எவ்ளோண்ணே ஆச்சு?"

"அறுநூறு குடுங்க தம்பி."

"என்னண்ணே இது? ஒரு சாமானும் மாத்தலையே! கழுவி மாட்டினதுக்கா அறுநூறு?"

"ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கேனே தம்பி..."

"முந்நூறு வெச்சுக்கோங்கண்ணே!"

அதே தம்பி, இரண்டாயிரம் ரூபாய் பில்லோடு புதுக் கார்ப்பரேட்டர் மாட்டியிருந்தால் வாய் திறக்காமல் கொடுத்திருப்பார். ஏனென்றால் கையில் ஒரு டப்பா வருகிறது. சாமானுக்கு விலை உண்டு, கைக்கு விலை இல்லை என்றாகிவிட்டது. டாக்டர் மருந்து கொடுக்காமல், "ஒன்றும் இல்லை, தண்ணீர் குடியுங்கள்" என்றால் பீஸ் கொடுக்க மனம் வராத அதே புத்திதான்!

இதில் மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயன் இல்லை. இரண்டு மணி நேரம் குனிந்து வேலை செய்தால் முந்நூறு. பத்து நிமிஷத்தில் புதுசை மாட்டினால் கூலியும் உண்டு, கடைக்காரரிடம் கமிஷனும் உண்டு. வீட்டில் அடுப்பு எரியவேண்டிய மனுஷன் எதைச் செய்வார்? வாடிக்கையாளரே அவரை ரிப்பேர் வேலையிலிருந்து மாற்று வேலைக்குத் துரத்துகிறார். பிறகு, "இப்போல்லாம் நல்ல மெக்கானிக்கே கிடைக்கறதில்லை சார்" என்று டீக்கடையில் நியாயம் பேசுகிறார்!

காதால் கேட்டு ட்யூன் செய்யும் மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பையன்கள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. ஷெட்டில் இருக்கும் இளைஞர்கள் புது வண்டிக்கு ஸ்கேனர் மாட்டக் கற்றுக் கொள்கிறார்கள். அதுவும் தேவைதான். ஆனால் லட்சக்கணக்கான கார்ப்பரேட்டர் வண்டிகள் இன்னும் ரோட்டில் ஓடுகின்றனவே! அவற்றை யார் பார்ப்பது?

புகைக்கும் பதில் உண்டு

"பழைய வண்டி புகை கக்கும், ஊரைக் கெடுக்கும். தொலைத்துக் கட்டவேண்டியதுதானே?" என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் புகை கக்குவது பழைய வண்டி என்பதால் மட்டும் அல்ல, கவனிக்காத வண்டி என்பதாலும்தான்.

புகைச் சோதனையில் என்ன பார்க்கிறார்கள்? வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது வரும் கார்பன் மோனாக்சைடு அளவு. 2000 மார்ச் வரை செய்த இருசக்கர வண்டிக்கு 4.5 சதவீதம் வரை அனுமதி. அதன் பிறகு வந்த கார்ப்பரேட்டர் வண்டிகளுக்கு 3.5 சதவீதம். ஐடிலிங் கலவையைத் தீர்மானிப்பது யார்? அதே ஏர் ஸ்குரூ! ஒழுங்காக ட்யூன் செய்த நல்ல நிலையில் உள்ள வண்டி இந்தச் சோதனையில் தலைநிமிர்ந்து தேறும். ஆகவே ட்யூனிங் தெரிந்த மெக்கானிக், ஊர்க் காற்றுக்கும் உபகாரிதான். புது வண்டி அளவுக்குச் சுத்தமாக ஓடும் என்று யாரும் சொல்லவில்லை. ஓடுகிற வரை ஒழுங்காக ஓடட்டும் என்பதே பேச்சு.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். வண்டிக்காரர்கள் முதலில் செய்யவேண்டியது, "மாத்திடுங்க" என்பதற்குப் பதிலாக "என்ன கோளாறுன்னு பாருங்கண்ணே" என்று சொல்லிப் பழகுவது. பார்த்த நேரத்துக்குக் கூலி கொடுப்பது. சனிக்கிழமை சாயங்காலம் கொண்டு போய் "நாளைக்குக் காலையில வேணும்" என்று நெருக்காமல், இரண்டு நாள் விட்டு வைப்பது. கழற்றிய அசல் சாமானைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது.

மெக்கானிக்குகளும் ஒன்று செய்யலாம். சாமானுக்கு இவ்வளவு, கைவேலைக்கு இவ்வளவு என்று சீட்டில் பிரித்து எழுதித் தரலாம். மாற்றிய ஜெட்டின் நம்பரையும் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்பதையும் அதே சீட்டில் குறித்துக் கொடுக்கலாம். அடுத்த தடவை வேலை பாதியாகக் குறையும். வாடிக்கையாளருக்கும் கூலியின் அருமை புரியும்.

அரசின் தொழிற்பயிற்சி நிலையங்கள், கார்ப்பரேட்டர் காலம் முடிந்துவிட்டது என்று பாடத்தை ஓரம் கட்டிவிடக் கூடாது. வயதான மெக்கானிக்குகளை மாதத்தில் இரண்டு நாள் அழைத்து, பையன்களுக்குக் கைப்பழக்கம் காட்டச் சொல்லலாம். சன்மானமும் கொடுக்கலாம். புத்தகத்தில் எழுத முடியாத பாடம் அது. சத்தத்தைக் கேட்டு, "பைலட்ல காத்து அதிகம்" என்று சொல்கிற காது பரீட்சை எழுதி வருவதில்லை.

ஒரு கார்ப்பரேட்டரைச் சரிசெய்யத் தேவையான சாமான்கள் இன்றும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. தேவையான நேரம் ஒரு அரை நாள். தேவையான பொறுமைதான் கடையில் கிடைப்பதில்லை. அடுத்த தடவை வண்டி மக்கர் செய்தால் கார்ப்பரேட்டர் மீது பாய்வதற்கு முன்னால் பிளக்கைப் பாருங்கள், டாங்கைப் பாருங்கள், ரப்பரைப் பாருங்கள். அதன் பிறகும் கார்ப்பரேட்டர்தான் குற்றவாளி என்று தெரிந்தால், தூக்குத் தண்டனை வேண்டாம். ஒரு நல்ல மெக்கானிக்கிடம் ஒப்படையுங்கள். முக்கியமாக, அவர் கேட்கிற கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்!